எந்தக் கையெழுத்தைத் தடுக்கப் போகிறீர்கள்? ராணுவ உதவிக்கு எதிராக ஊர்க்குழு கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

2018 செப்டம்பர் மாதம். ஏமனில் தஹ்யான் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் போன பேருந்தின் மேல் சவூதி கூட்டணி விமானம் குண்டு போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இறந்தவர்களில் 40 பேர் குழந்தைகள். சிதறிய துண்டில் இருந்த எண்ணை வைத்து, அது லாக்ஹீட் மார்ட்டின் தயாரித்த எம்.கே.-82 ரகக் குண்டு என்று கண்டுபிடித்திருந்தார்கள். அமெரிக்காவில் எங்கள் தொகுதியின் காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினரின் அலுவலகத்துக்கு நாங்கள் ஏழு பேர் போனோம். கையில் அந்தப் பிள்ளைகளின் நீலநிறப் பள்ளிப் பைகளின் படங்கள்.

உறுப்பினர் இல்லை. இருபத்தைந்து வயது இருக்கக்கூடிய ஒரு உதவியாளர் உட்காரவைத்தார். இருபது நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "சரி, அவர் எதற்கு ஓட்டுப் போட வேண்டும் என்கிறீர்கள்? தீர்மானத்தின் எண் என்ன?"

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எண் யாரிடமும் இல்லை. வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் எங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டதுதான் அன்றைய பலன். அந்த அவமானத்துக்குப் பிறகு படிக்க ஆரம்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ராணுவ உதவி என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் காகிதம் எது, எந்தத் தேதியில் மேசைக்கு வருகிறது, போடுகிறவர் யாருக்குப் பயப்படுவார் என்று தெரியாமல் "போரை நிறுத்து" என்று எத்தனை ஆண்டு கத்தினாலும் தொண்டைதான் வறளும்.

இதில் எனக்குப் பாடப்புத்தகமாக இருந்த நாடு எல் சால்வடோர். பரப்பளவில் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறுமா என்று பார்த்தால், கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1980 முதல் 1992 வரை அங்கே அரசுக்கும் இடதுசாரி கெரில்லாக்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்தது. சுமார் 75,000 பேர் செத்தார்கள். அரசுப் படைக்கு ஆயுதம், பயிற்சி, பணம் எல்லாம் அமெரிக்காவிலிருந்து. ஒரு கட்டத்தில், பொருளாதார உதவியையும் சேர்த்தால், நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. 1980 பிப்ரவரி 17 அன்று பேராயர் ஆஸ்கர் ரொமேரோ அமெரிக்க அதிபர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதி, ராணுவ உதவி அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மார்ச் 24 அன்று, ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். உதவி நிற்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அமெரிக்க ஊர்களில் தேவாலயக் கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கிளம்பிய கூட்டம் பன்னிரண்டு ஆண்டு ஓயவில்லை.

முதல் படி: பணம் போகும் வழியை ஒரு தாளில் வரையுங்கள்

"ராணுவ உதவி" என்ற ஒரே பெயரில் பல சரக்கு இருக்கிறது. அமெரிக்காவை வைத்தே சொல்கிறேன். அரசே பணம் கொடுத்து, அந்தப் பணத்தில் அமெரிக்க ஆயுதம் வாங்கவைக்கும் மானியம் ஒன்று. எகிப்துக்கு ஆண்டுக்கு 1.3 பில்லியன் டாலர் என்று நெடுங்காலமாக ஒதுக்கப்படுவது இந்த வகை. அந்த நாடே காசு கொடுத்து அமெரிக்க அரசு வழியாக வாங்குவது இன்னொன்று. சவூதி இந்த ரகம். தனியார் கம்பெனி நேராக விற்பதற்கு அரசு கொடுக்கும் உரிமம் மூன்றாவது. இவை போக அதிகாரிகளுக்குப் பயிற்சி, ராணுவ ஆலோசகர்கள், கையிருப்பிலிருந்து அவசரமாக எடுத்துக் கொடுப்பது.

எது எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். மானியம் என்றால் அது ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் வந்தாக வேண்டும். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்கு முந்தைய கோடைக்காலத்திலேயே துணைக்குழுவில் வரிக்கு வரி எழுதி முடித்துவிடுவார்கள். செப்டம்பரில் விழித்துக்கொண்டு ஊர்வலம் போகிறவர்கள் பந்தி முடிந்தபின் இலை கேட்கிறவர்கள். விற்பனை என்றால், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும்போது காங்கிரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நேட்டோ நாடுகளுக்கும் இன்னும் சில நெருங்கிய கூட்டாளிகளுக்கும் 15 நாள், மற்ற நாடுகளுக்கு 30 நாள். அந்த நாட்களுக்குள் மறுப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். நேர்மையாகச் சொல்கிறேன்: அப்படி ஒரு தீர்மானத்தால் சட்டப்படி நின்றுபோன விற்பனை இதுவரை ஒன்றுகூட இல்லை. 2019இல் சவூதி, எமிரேட்ஸ் விற்பனைகளுக்கு எதிரான தீர்மானங்கள் இரு அவையிலும் நிறைவேறின; டிரம்ப் வீட்டோ செய்தார். ஆனாலும் அந்த விவாதத்துக்குப் பயந்து சரக்கு தாமதமாவதும், குழுத் தலைவர்கள் ஓசைப்படாமல் கோப்பைப் பிடித்து வைப்பதும் நடக்கிறது.

பின்வாசலையும் வரைபடத்தில் போடுங்கள். 1981 தொடக்கத்தில் கார்ட்டரும், அவருக்குப் பின் வந்த ரீகனும் காங்கிரசிடம் கேட்காமல் அவசர அதிகாரத்தின் கீழ் எல் சால்வடோருக்கு ஆயுதம் அனுப்பினார்கள். முன்வாசலில் மறியல் செய்துகொண்டிருந்தவர்களுக்குச் செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரியும்.

தகவல் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் வெட்டவெளியில்தான் கிடக்கிறது. பெரிய விற்பனைகள் பற்றிய அறிவிப்புகளை அமெரிக்க அரசே இணையத்தில் வெளியிடுகிறது. வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் காங்கிரசுக்குக் கொடுக்கும் நிதிக்கோரிக்கை ஆவணத்தில் நாடுவாரியாகத் தொகை இருக்கும். ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி நிறுவனத்தின் ஆயுதப் பரிமாற்றத் தரவு இலவசம். குழுவில் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு இரண்டு வார இறுதிகள் போதும்.

இரண்டாம் படி: ஒரே வாக்கியத்தில் கோரிக்கை

எல்லாக் குழுவும் கோட்டைவிடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முழுக்க நிறுத்து, பாதியாகக் குறை, நிபந்தனை போடு. இந்த மூன்றில் எது என்று முடிவு செய்யாமல் துண்டறிக்கை அச்சடிக்காதீர்கள். நிபந்தனைதான் கேட்பதற்குச் சுலபம், ஏமாறுவதற்கும் அதுதான் சுலபம். 1981 இறுதியில் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: எல் சால்வடோர் அரசு மனித உரிமை நிலையைச் சீர்படுத்த உண்மையாக முயல்கிறது என்று அதிபர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்றளித்தால்தான் ராணுவ உதவி. காகிதத்தில் அருமையான வெற்றி. 1982 ஜனவரி 27 அன்று நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் எல் சால்வடோர் ராணுவம் நடத்திய எல் மொசோத்தே கிராமப் படுகொலையை முதல் பக்கத்தில் போட்டன. மறுநாள், ஜனவரி 28 அன்று, ரீகன் அரசு சான்றளித்துவிட்டது. கொடுக்கிறவனே நீதிபதியாக இருக்கும் நிபந்தனைக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஆனால் அதை வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்றளிப்பு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காங்கிரசில் விசாரணை. தூதரகம் பிணங்களை எண்ணி அறிக்கை அனுப்பியாக வேண்டும். ஊர்க்குழுக்களுக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் கூட்டம் கூட்டக் காரணம் கிடைத்தது. இது ரீகனுக்கே உறுத்தியிருக்க வேண்டும். 1983 நவம்பரில் அந்தச் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவைக் கையெழுத்திடாமல் சாகவிட்டார்.

நிபந்தனையில் விதிவிலக்கு என்று ஒரு வரி வந்தால் அதை மூன்று முறை படியுங்கள். தமிழர்களுக்கு இது நேரடியாகத் தெரிந்த கதை. 2007 டிசம்பரில் அமெரிக்க ஒதுக்கீட்டுச் சட்டம் இலங்கைக்கான ராணுவ நிதிக்கும் ஆயுத உரிமங்களுக்கும் கட்டுப்பாடு போட்டது. கடல், வான் கண்காணிப்புக்கும் தகவல் தொடர்புக்கும் ஆன தொழில்நுட்பத்துக்கு மட்டும் விலக்கு. ஆயுதத்துக்கு இலங்கை அரசிடம் சீனா, பாகிஸ்தான், இஸ்ரேல் என்று வேறு கடைகள் இருந்தன. ஒரு கடையை மூடும்போது பக்கத்துக் கடையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சொற்களும் முக்கியம். 2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் பயிற்சி பெறுவது தெரியவந்தபோது தமிழ்நாடு கொதித்தது. முதல்வர் ஜெயலலிதா கண்டித்தார். மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றியது. "தமிழ் மண்ணில் பயிற்சி கூடாது" என்ற முழக்கம்தான் உரக்கக் கேட்டது. மண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பயிற்சி நடந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றாம் படி: யாரைச் சேர்ப்பது, யாரிடம் போவது

ஐந்து பேர் போதும். ஐம்பது பேர் வாட்ஸ்அப் குழுவில் இருந்து ஐவர் வருவதைவிட, ஐந்தே பேர் இருந்து ஐவரும் வருவது மேல். ஒருவர் கணக்கு, ஒருவர் ஆவணம், ஒருவர் தொலைபேசி, ஒருவர் ஊர்த் தொடர்பு. ஐந்தாமவர் கூட்டத்துக்கு டீ போடுகிறவர். சிரிக்காதீர்கள், குழு உடையாமல் இருப்பது பெரும்பாலும் அவரால்தான்.

எல் சால்வடோர் இயக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கதை பாஸ்டனில் நடந்தது. ஜோ மோக்லி தெற்கு பாஸ்டன் ஐரிஷ் அரசியல்வாதி. சாலை, வீடு, வேலை என்று தொகுதிக் காரியம் பார்க்கிறவர். வெளிநாட்டு விவகாரத்தில் அவருக்கு நாட்டம் கிடையாது. 1983இல் அவர் தொகுதியின் ஜமைக்கா பிளெயின் பகுதிவாசிகள் சிலர் அவரைச் சந்தித்தார்கள். அவர்கள் முதலில் வைத்தது ஏகாதிபத்தியம் பற்றிய சொற்பொழிவை அல்ல. எல் சால்வடோரிலிருந்து தப்பிவந்த அகதிகளை அமெரிக்க அரசு திருப்பி அனுப்புகிறது, அங்கே போனால் அவர்களைக் கொன்றுவிடுவார்கள், இதை நிறுத்த உங்களால் முடியுமா என்று கேட்டார்கள். தொகுதிக் காரியம் பார்க்கிற மனிதருக்குப் புரிகிற மொழி அது. அகதிகளுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தரும் மசோதாவைக் கொண்டுவந்து, 1990 குடியேற்றச் சட்டத்தில் அது சேரும் வரை அவர் விடவில்லை.

அதற்குள் இன்னொன்று நடந்தது. 1989 நவம்பர் 16 அன்று சான் சால்வடோரில் உள்ள மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த ராணுவத்தினர் ஆறு இயேசு சபைக் குருமார்களையும், சமையல் வேலை பார்த்த பெண்மணியையும், அவருடைய பதின்வயது மகளையும் சுட்டுக்கொன்றார்கள். கொன்றது அட்லகாட்ல் படைப்பிரிவு. எல் மொசோத்தேயிலும் அதே பிரிவுதான். அமெரிக்கா பயிற்சி கொடுத்து உருவாக்கிய பிரிவு. இதை விசாரிக்க அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை ஒரு குழு போட்டபோது தலைமை மோக்லியிடம் வந்தது. ஓடியாடி விவரம் சேகரித்தவர் அவருடைய உதவியாளர் ஜிம் மெக்கவர்ன். 1990 ஏப்ரல் இறுதியில் வந்த அறிக்கை, அந்த நாட்டு ராணுவத் தலைமையின் மூடிமறைப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டே காங்கிரஸ் ராணுவ உதவியில் பாதியை, அதாவது 85 மில்லியன் டாலரில் 42.5 மில்லியனை, நிறுத்திவைத்தது.

1983இல் அகதிகளுக்காகப் போய் உட்கார்ந்த ஊர்க்காரர்களுக்கு 1990 பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவர்கள் செய்ததெல்லாம் மறுபடி மறுபடி போனதுதான். உதவியாளர் என்று நான் மேலே இளக்காரமாகச் சொன்னதையும் திருத்திக்கொள்கிறேன். மெக்கவர்ன் 1997 முதல் காங்கிரஸ் உறுப்பினர். உங்கள் எதிரே குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் இளைஞரின் பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள்.

நான்காம் படி: சாட்சியத்தைப் பொன்னைப் போல நிறுத்து வையுங்கள்

எல் மொசோத்தேயில் 1981 டிசம்பரில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைய மக்கள் கொல்லப்பட்டார்கள். தப்பிப் பிழைத்துச் சொன்னவர்களில் ரூஃபினா அமாயா முக்கியமானவர். கணவரையும் பிள்ளைகளையும் இழந்து, மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து உயிர் பிழைத்தவர். அமெரிக்க அரசு அப்படி ஒரு படுகொலைக்கு ஆதாரமில்லை என்றது. எழுதிய செய்தியாளர்கள் ரேமண்ட் பான்னரும் அல்மா கியர்மோப்ரியேட்டோவும் ஏமாந்துவிட்டவர்கள் என்று தூற்றப்பட்டார்கள். பதினோரு ஆண்டு கழித்து, 1992இல், அர்ஜென்டினா தடயவியல் குழு அங்கே மண்ணைத் தோண்டியது. தேவாலயத்தை ஒட்டிய ஒரு சிறு கட்டடத்தில் மட்டும் 143 பேரின் எலும்புகள். அவற்றில் 131 பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுடையவை. கூடவே 245 தோட்டா உறைகள். அடிப்பகுதி முத்திரையைப் படிக்க முடிந்த 184 உறைகளும் ஒரே ஊரைக் காட்டின: அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள லேக் சிட்டி ஆயுதத் தொழிற்சாலை.

ஒரு விரல்நுனி அகலப் பித்தளை வட்டம். அதில் பொறித்த எழுத்து, எல் மொசோத்தேயில் தொடங்கி மிசூரியில் வரி கட்டுகிறவரின் சட்டைப்பை வரை கோடு போடுகிறது. தஹ்யானில் கிடைத்த குண்டுத் துண்டும் அதைத்தான் செய்தது. இப்படி ஒரு பொருள் கிடைத்தால் அதுவே உங்கள் முழக்கம். வேறு எதுவும் வேண்டாம்.

நடைமுறை விதிகள் சில. படம் வந்தால் யார், எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியும்வரை வெளியிடாதீர்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு நகலில் மட்டும் கைவையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் பல விவரங்கள் உதிர்ந்துபோகும், அதனால் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணைச் சொல்லுங்கள். வேறு போரின் படத்தை ஒருமுறை தவறுதலாகப் போட்டுவிட்டால் அடுத்த பத்து உண்மைப் படங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். சாட்சி சொல்ல வருகிறவரை மேடை மேடையாக அழவைக்காதீர்கள். ஊரில் உறவினர் இருக்கிறார்களா, பெயர் போடலாமா, முகம் காட்டலாமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். சென்ற முறை சரி என்றது இந்த முறைக்குச் செல்லாது.

ஐந்தாம் படி: சந்திப்பு

நான்கு பேருக்கு மேல் போகாதீர்கள். நால்வரும் அந்தத் தொகுதியில் குடியிருப்பவர்களாக இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் உங்கள் ஜிப் கோடுதான் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) முதல் அறிமுகம். ஒருவர் கதை சொல்ல, ஒருவர் எண் சொல்ல, ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. இருபது நிமிடத்தில் பன்னிரண்டாவது நிமிடமாவது கோரிக்கை வாயிலிருந்து வந்துவிட வேண்டும்: "இந்த எண் தீர்மானத்தில் உங்கள் உறுப்பினர் இணை முன்மொழிபவராகச் சேர வேண்டும்." பதில் ஆம், இல்லை, யோசிக்கிறோம் என்ற மூன்றில் ஒன்று. மூன்றாவது வந்தால் "எப்போது கூப்பிடட்டும்?" என்று தேதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். நம்மவர்கள் சந்திப்பில் படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டு, தேதி வாங்காமல் வந்துவிடுவார்கள். படம் கடைசியில்.

ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள், இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டமாட்டார்கள். அன்று மாலையே நன்றி மின்னஞ்சல். தொலைபேசியில் என்றால் பெயர், ஊர், தீர்மான எண், வேண்டுகோள் என்று முப்பது வினாடி போதும். இருபது பேர் ஒரே நாளில் கூப்பிடுவதைவிட, நாளுக்கு நான்கு பேராக ஒரு வாரம் கூப்பிடுவது அந்த அலுவலகத்தை அதிகம் உலுக்கும் என்பது என் அனுபவம்.

அவை விதிகளையும் ஒருவர் படித்துவைக்கட்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏமன் போரிலிருந்து அமெரிக்கப் படையை விலக்கக் கோரும் தீர்மானத்துக்கு 2018 நவம்பரில் என்ன நடந்தது தெரியுமா? பிரதிநிதிகள் அவையில் ஓநாய்களைப் பற்றிய ஒரு மசோதாவை விவாதிக்க விதி வகுத்தார்கள். அந்த விதிக்குள் ஒரு வரியைச் செருகி, ஏமன் தீர்மானத்துக்கு இருந்த முன்னுரிமையை, அதாவது அதை ஓட்டெடுப்புக்கு விடக் கட்டாயப்படுத்தும் வழியை, பறித்துவிட்டார்கள். அடுத்த மாதம் விவசாய மசோதாவின் விதியில் மறுபடி அதே வேலை. ஆனால் அதே நவம்பரில் அமெரிக்கா, சவூதி கூட்டணி விமானங்களுக்கு நடுவானில் எரிபொருள் நிரப்புவதை நிறுத்தியது. சட்டம் நிறைவேறவில்லை, டேங்கர் விமானம் நின்றது.

ஆறாம் படி: தெரு, துறைமுகம், கடை

அலுவலகத்துக்குள் பேசுவதற்கு எடை வெளியில் இருந்துதான் வரும். எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது, உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

துறைமுகம் இருந்தால், தொழிற்சங்கத்தோடு பேசுங்கள். 1980 டிசம்பரில் அமெரிக்க மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் எல் சால்வடோருக்கான ராணுவச் சரக்கை ஏற்றமாட்டோம் என்று அறிவித்தது. 2019 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில், பஹ்ரி யன்பு என்ற சவூதிக் கப்பல் வந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 பிப்ரவரியில் இந்தியாவின் நீர்ப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, காசா போருக்கான ஆயுதச் சரக்கைக் கையாளமாட்டோம் என்றது. ஒரு விஷயம்: கூலி போவது அவர்களுக்கு, உங்களுக்கு இல்லை. "நீங்கள் நிறுத்துங்கள்" என்று கட்டளையிடப் போகாதீர்கள். சரக்குப் பட்டியலையும் கப்பல் வரும் தேதியையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் முடிவுக்கு விடுங்கள்.

கடையில் விற்கும் பொருள் அந்த நாட்டிலிருந்து வருகிறதென்றால் புறக்கணிப்பு. எல் சால்வடோர் காபி வாங்கியதற்காக 1990இல் ஃபோல்ஜர்ஸ் காபிக்கு எதிராக ஓர் அமைப்பு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தது. காபிக் கோப்பையிலிருந்து ரத்தம் வழியும் காட்சி. பாஸ்டனில் அதை ஒளிபரப்பிய நிலையத்திலிருந்து ஃபோல்ஜர்ஸின் தாய் நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிள் தன் விளம்பரங்களை எல்லாம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் நாடு முழுக்க அந்த விளம்பரம் பேச்சானது.

பயிற்சி முகாம் பக்கத்தில் இருந்தால்? 1983 ஆகஸ்டில் ராய் பூர்ஷ்வா என்ற பாதிரியாரும் இன்னும் இருவரும் அமெரிக்க ராணுவ அதிகாரி உடை போட்டுக்கொண்டு ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் முகாமுக்குள் போனார்கள். எல் சால்வடோர் வீரர்கள் நூற்றுக்கணக்கில் தங்கியிருந்த குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு மரத்தில் ஏறி, ரொமேரோவின் கடைசி ஞாயிறு மறையுரையை ஒலிநாடாவில் உரக்கப் போட்டார்கள். கொல்லாதீர்கள், கீழ்ப்படியாதீர்கள் என்று வீரர்களிடம் கெஞ்சி, பிறகு ஆணையிடும் உரை. இருட்டில் மரத்திலிருந்து செத்துப்போன தங்கள் பேராயரின் குரல் வந்தால் அந்தப் பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பூர்ஷ்வா பதினெட்டு மாதம் சிறையில் இருந்தார். 1990 முதல் அதே முகாம் வாசலில், குருமார்கள் கொல்லப்பட்ட நவம்பரில், ஆண்டுதோறும் சிலுவைகளோடு ஆட்கள் கூடினார்கள்.

மரம் ஏறுவது உங்கள் வேலையா என்பதை அடுத்த படியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: சட்டம், விசா, உண்டியல்

எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) விசாவில் இருப்பவர்கள் கைதாகும் போராட்டத்துக்குப் போகக் கூடாது என்றுதான் நான் சொல்வேன். கடிதம், ஆய்வு, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு என்று வேலை கிடக்கிறது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், வாட்ஸ்அப் சித்தப்பாவை அல்ல. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தலுக்கு நன்கொடை தரவே கூடாது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை என்றால் சட்டமியற்றுபவர்களிடம் ஆதரவு திரட்ட வரம்பு உண்டு, வேட்பாளருக்குப் பிரசாரம் அறவே கூடாது. ஒரு வெளிநாட்டு அரசோ கட்சியோ சொல்லி நீங்கள் வேலை செய்தால் வெளிநாட்டு முகவராகப் பதிய வேண்டிவரும்.

ஆயுதம் தாங்கிய குழு எதுவாக இருந்தாலும் அதனிடமிருந்து தள்ளி நில்லுங்கள். 1997இல் அமெரிக்கா புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அமைதி வழிமுறைகளையும் சர்வதேசச் சட்டத்தையும் கற்றுக்கொடுப்பதுகூடக் குற்றமாகுமா என்ற வழக்கு, குர்துகளின் பி.கே.கே.வையும் புலிகளையும் வைத்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 ஜூன் 21 அன்று, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஆகும் என்று தீர்ப்பு. பட்டியலில் உள்ள அமைப்போடு சேர்ந்து செய்தால் குற்றம், அதைச் சாராமல் நீங்களாகப் பேசினால் உரிமை. கோடு அங்கேதான் கிடக்கிறது.

கோட்டுக்கு இப்பால் நின்றாலும் கண்காணிப்பு வரலாம். எல் சால்வடோர் மக்களுக்கான ஒருமைப்பாட்டுக் குழுவை 1980களின் முற்பாதியில் எஃப்.பி.ஐ. ஆண்டுக்கணக்கில் துருவியது, உளவாளியை உள்ளே விட்டது. 1988இல் ஆவணங்கள் வெளியே வந்தபோது, குற்றம் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. ஆறு அதிகாரிகள்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். ஆகவே ரகசியம் காக்க முயலாதீர்கள், ரகசியமே இல்லாமல் இருங்கள். கூட்டக் குறிப்பு, வரவு செலவு எல்லாம் நாளை நீதிமன்றத்தில் வாசித்தாலும் வெட்கப்பட வேண்டாத மாதிரி இருக்கட்டும். உண்டியலை இரண்டு பேர் சேர்ந்து திறந்து எண்ணுங்கள். போலீசைவிட அதிகமாகக் குழுக்களை உடைத்தது உண்டியல்தான்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு

இங்கே ஆயுத ஏற்றுமதியை நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில்லை, அதனால் கதவு குறைவு. இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய பொதுநல வழக்கை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்று. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவு பாதுகாப்பைக் காட்டிப் பதில் மறுக்க இடம் தருகிறது. மிச்சமிருப்பவை: எம்.பி. வழியாக நாடாளுமன்றக் கேள்வி, தொழிற்சங்கம், ஆயுத உதிரிபாகம் செய்யும் கம்பெனியின் ஆண்டறிக்கை. கம்பெனி பங்குச்சந்தையில் இருந்தால் ஒரு பங்கு வாங்கிப் பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கலாம்.

எத்தனை நாள் ஆகும்?

எல் சால்வடோரில் சமாதான ஒப்பந்தம் 1992 ஜனவரி 16 அன்று கையெழுத்தானது. அதற்கு ஓராண்டு முன்னால்தான், 1991 ஜனவரியில், நிறுத்திவைத்த பாதியையும் தருவதாக அதிபர் புஷ் அறிவித்திருந்தார். கெரில்லாக்கள் அமெரிக்க ஹெலிகாப்டரை வீழ்த்தி, பிழைத்த வீரர்களையும் சுட்டது அவருக்குக் காரணமாகக் கிடைத்தது. ஏழு ஆண்டு உழைத்து வாங்கிய வெட்டு சில வாரங்களில் போனது என்று உட்கார்ந்து அழுதவர்கள் இருந்திருப்பார்கள். போர் முடிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு: பனிப்போர் முடிந்தது, 1989இல் கெரில்லாக்கள் தொடுத்த பெருந்தாக்குதலில் இரு தரப்பும் வெல்ல முடியாது என்று தெரிந்தது. ஆனால் பணம் இனி நிச்சயமில்லை என்ற பயம் அந்த நாட்டு ராணுவத்தைப் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரவைத்த காரணங்களில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

நாங்கள் அந்த அலுவலகத்துக்கு இரண்டாம் முறை போனபோது நான்கு பேர்தான். படம் இல்லை. அரைப் பக்கத் தாள், அதன் தலையில் பெரிய எழுத்தில் அந்த ஏமன் தீர்மானத்தின் எண்: எச்.கான்.ரெஸ். 138. அதே உதவியாளர் தாளை வாங்கிப் பார்த்தார், பேனாவை எடுத்து எண்ணுக்குக் கீழே கோடு போட்டார். "செவ்வாய்க்கிழமை கூப்பிடுங்கள்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டோம். அவர் இடத்தில் இல்லை என்றார்கள். புதன்கிழமை மறுபடி கூப்பிட்டோம்.